கிணற்றின் அழுத்தம் சொல்லும் ஏக்கர் கணக்கு

திருநெல்வேலிச் சீமையில் எண்ணெய்க் கிணறு கிடையாது. அம்பாசமுத்திரத்திலிருந்து ராதாபுரம் வரை பெரும்பாலும் காலுக்கடியில் கிடப்பது சார்னோக்கைட்டும் நைஸும்தான். வெந்து உருமாறிய அந்தப் பழம்பாறையில் எண்ணெய் பிறக்கவும் இடமில்லை, தங்கவும் இடமில்லை. கிட்டத்தில் என்றால் ராமநாதபுரத்து எரிவாயுக் கிணறுகள். அதைத் தாண்டினால் காவிரிப் படுகையின் நரிமணம், குத்தாலம். ஆனாலும் பாளையங்கோட்டை, வள்ளியூர், திசையன்விளைப் பக்கத்திலிருந்து எண்ணெய் வயல் வேலைக்குப் போகிற பிள்ளைகள் உண்டு. ஊரிலே இருந்துகொண்டு போர் போட்டு, மோட்டார் எத்தனை மணி ஓடும் என்று கணக்குப் பார்க்கிறவர்களோ வீட்டுக்கு ஒருவர். இந்தப் பதிவு இரண்டு பேருக்கும். ஏனென்றால் இரண்டு கிணற்றுக்கும் கணக்கு ஒன்று. தைஸ் என்பவர் 1935இல் வெப்பம் பரவும் சமன்பாட்டை எடுத்து நிலத்தடி நீருக்குப் பொருத்தினார். 1951இல் ஹார்னர் எண்ணெய்க் கிணற்றுக்குப் போட்ட கோடும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது.

கேள்வி இது: ஒரு கிணறு எவ்வளவு பரப்பிலிருந்து எண்ணெயை இழுக்கிறது? களத்தில் இதை டிரெய்னேஜ் ஏரியா என்பார்கள். நான் வடிபரப்பு என்றே எழுதுகிறேன். அடுத்த கிணற்றை எவ்வளவு தள்ளித் தோண்டலாம், இருக்கிற கிணறு எத்தனை வருஷம் தாங்கும், இரண்டு கிணறுகளுக்கு நடுவே தொடப்படாத எண்ணெய் கிடக்கிறதா என்பதெல்லாம் இந்த எண்ணைப் பிடித்துத்தான் முடிவாகிறது. நில அதிர்வு அலை அனுப்பி எடுக்கும் வரைபடமும், கிணற்றிலிருந்து வெட்டியெடுத்த பாறைத் துண்டான கோர் மாதிரியும் இதை மறைமுகமாகத்தான் சொல்லும். கிணற்றடி அழுத்தம் நேராகச் சொல்லும், கேட்கிற விதத்தில் கேட்டால்.

முதலில் மனதில் வைக்க வேண்டியது: அழுத்தச் சோதனை ஏக்கரைத் தருவதில்லை. ஒரு பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு) அழுத்தம் குறைந்தால் அந்தக் கிணற்றைச் சுற்றியுள்ள பாறை எத்தனை பீப்பாய் விடும் என்ற ஒரே எண்ணைத்தான் அது தருகிறது. அந்த எண்ணை ஏக்கராக்க நாம் வெளியிலிருந்து மூன்று எண்களைக் கொண்டுவந்து வகுக்கிறோம். தப்பு வருவது அநேகமாக அந்த மூன்றில்தான்.

ஒரு கிணற்றை எடுத்துக்கொள்வோம். நாளைக்கு 300 பீப்பாய் எண்ணெய் மேலே வருகிறது. கீழே இருக்கும்போது கரைந்த வாயுவோடு கொஞ்சம் உப்பியிருக்கும் என்பதால் 1.2ஆல் பெருக்கி, பாறைக்குள் இருக்கும் அளவில் 360 ரிசர்வாயர் பீப்பாய். மணற்கல்லின் தடிமன் 30 அடி, நுண்துளைமை 18 சதவீதம், ஊடுருவுதிறன் 40 மில்லிடார்சி, எண்ணெயின் பிசுக்குமை 0.9 சென்டிபாய்ஸ். மொத்த அமுக்கத்தன்மை, அதாவது அழுத்தம் மாறும்போது பாறையும் அதிலுள்ள திரவமும் சுருங்கி விரியும் அளவு, ஒரு பிஎஸ்ஐக்குப் பத்து லட்சத்தில் 12 பங்கு. அடைத்து வைத்திருந்த கிணற்றைத் திறந்து, ஒரே அளவில் ஓடவிட்டு, அடியில் கேஜ் (அழுத்தமானி) வைத்து அழுத்தம் இறங்குவதைப் பதிகிறோம்.

தொடக்கத்தில் அழுத்தம் மடமடவென்று இறங்கும், பிறகு வேகம் குறையும். நேரத்தை லாக் அளவில் போட்டால் நேர்கோடு. ஒரு லாக் சுற்றுக்கு (நேரம் பத்து மடங்காகும்போது) எத்தனை பிஎஸ்ஐ என்ற சரிவைக் கண்டுபிடிக்க, 162.6ஐ ரிசர்வாயர் பீப்பாயாலும் பிசுக்குமையாலும் பெருக்கி, ஊடுருவுதிறனையும் தடிமனையும் பெருக்கியதால் வகுக்க வேண்டும். நம் கிணற்றுக்கு 43.9 பிஎஸ்ஐ. இந்தக் கோட்டிலிருந்து ஊடுருவுதிறன் கிடைக்கும், கிணற்றை ஒட்டிய பாறை எவ்வளவு கெட்டிருக்கிறது என்று சொல்லும் ஸ்கின் கிடைக்கும். வடிபரப்பு கிடைக்காது. அழுத்த அலை இன்னும் எந்தச் சுவரையும் தொடவில்லை. பாறை எல்லையில்லாமல் விரிந்து கிடப்பதுபோலத்தான் கிணறு நடந்துகொள்ளும். பத்து ஏக்கர் ரிசர்வாயரும் பத்தாயிரம் ஏக்கர் ரிசர்வாயரும் இந்தக் கட்டத்தில் ஒரே கோட்டைத்தான் வரையும்.

அலை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்க ஒரு கணக்கு உண்டு. ஊடுருவுதிறனை நுண்துளைமை, பிசுக்குமை, அமுக்கத்தன்மை மூன்றின் பெருக்கத்தால் வகுங்கள், மணியால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள், 0.0325ஆல் பெருக்குங்கள். அடிக்கணக்கில் ஆரம் வரும். நம் கிணற்றில் 24 மணி நேரத்துக்கு 722 அடி. இதில் எத்தனை பீப்பாய் எடுத்தோம் என்பது வரவேயில்லை என்பதைக் கவனியுங்கள். கிணற்றை அதிகமாகத் திறந்தால் அலை வேகமாகப் போகும் என்று நினைப்பது தப்பு. அதிகமாகத் திறந்தால் சத்தம் பெரிதாகும், கேஜுக்கு நன்றாகக் கேட்கும், அவ்வளவுதான். இரண்டு மடங்கு தூரம் போக நான்கு மடங்கு நேரம் ஆகும்.

அலை எல்லாச் சுவரையும் தொட்டு முடிந்ததும் நடத்தை மாறிவிடுகிறது. இனிப் புதிதாகப் போய் எடுக்க இடமில்லை. உள்ளே இருப்பது விரிந்து கொடுப்பது மட்டும்தான் வரவு. எல்லா மூலையிலும் அழுத்தம் ஒரே வேகத்தில் இறங்க ஆரம்பிக்கும். இப்போது நேரத்தைச் சாதாரண அளவிலேயே போட்டால் நேர்கோடு வரும். சூடோ ஸ்டெடி ஸ்டேட், தமிழில் போலி நிலைநிலை என்று சொல்லும் இந்தக் கட்டத்தை வைத்து எல்லையை அளக்கும் சோதனையை 1956இல் பார்க் ஜோன்ஸ் எழுதினார்.

நம் கிணற்றில் அந்தக் கோட்டின் சரிவு மணிக்கு 0.373 பிஎஸ்ஐ, அதாவது நாளைக்கு 8.95 பிஎஸ்ஐ என்று வைப்போம். பாடப்புத்தகத்தில் 0.2339 என்று ஒரு மாறிலியோடு சூத்திரம் இருக்கும். அதை மனப்பாடம் செய்ய வேண்டாம். நாளைக்கு 360 பீப்பாய் எடுக்கிறோம், நாளைக்கு 8.95 பிஎஸ்ஐ இறங்குகிறது. வகுத்தால் ஒரு பிஎஸ்ஐக்கு 40.2 பீப்பாய். சோதனை சொன்ன உண்மை இதுதான். இதற்கு மேல் போடுவதெல்லாம் நம் கணக்கு.

40.2ஐ அமுக்கத்தன்மையால் வகுத்தால் துளைக் கொள்ளளவு 33.5 லட்சம் பீப்பாய். பீப்பாய்க்கு 5.615 கன அடி வீதம் 1.88 கோடி கன அடி. தடிமன் 30ஐ நுண்துளைமை 0.18ஆல் பெருக்கினால் 5.4, அதால் வகுக்க, 34.8 லட்சம் சதுர அடி. ஏக்கருக்கு 43,560 சதுர அடி என்று வைத்தால் 80 ஏக்கர்.

இப்போது அந்த மூன்று எண்கள். தடிமன் என்றால் துளையிட்ட தடிமன் இல்லை. எண்ணெய் விடுகிற மணலின் நிகர தடிமன், அதுவும் 80 ஏக்கருக்கும் சராசரி. கிணற்றில் 30 அடி இருப்பதால் ஓரத்திலும் 30 அடி இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆற்று மணல் படிந்த அடுக்குகளில் ஓரம் தேய்ந்துபோவதுதான் வழக்கம். நுண்துளைமையில் தப்பு வந்தால் 18க்குப் பதில் 16, 20 என்று வரும், தாங்கிக்கொள்ளலாம். ஆபத்தானது அமுக்கத்தன்மை.

அந்த 12 எப்படி வந்தது? எண்ணெய்க்கு 10, அதில் துளையின் 70 சதவீதம் எண்ணெய் என்றால் 7. தண்ணீருக்கு 3, அது 30 சதவீதம், ஆக 0.9. பாறைக்கு 4. கூட்டினால் 11.9. பாறையின் 4 என்பது பலநேரம் யாரோ போட்ட வரைபடத்திலிருந்து எடுத்த எண். இறுகிய மணற்கல்லுக்குச் சரியாக வரும் அதே வரைபடம் இளகிய மணலுக்குப் பல மடங்கு தவறும். கோரை அமுக்கி அளந்த எண் கிடைத்தால் அதை விடாதீர்கள்.

இதைவிடப் பெரிய பள்ளம் வாயு. 2,400 பிஎஸ்ஐயில் வாயுவின் அமுக்கத்தன்மை ஏறக்குறைய 400. துளையில் 2 சதவீதம் மட்டும் தனி வாயு வந்துவிட்டால் 8 கூடி, 12 என்பது 20 ஆகிவிடும். அப்போது நாம் 80 ஏக்கர் என்று சொன்னது உண்மையில் 48. எண்ணெயிலிருந்து வாயு பிரியும் குமிழி அழுத்தத்துக்குக் கீழே கிணற்றடி அழுத்தத்தை இறக்கிச் சோதனை செய்தால், கிணற்றைச் சுற்றி மட்டும் வாயு பிரிந்து, ஒரே சோதனையில் இரண்டு வகைப் பாறை இருப்பதுபோலக் குழம்பும். ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் சிறு துளையான சோக்கைச் சின்னதாக வைத்து, குமிழி அழுத்தத்துக்கு மேலேயே முடிப்பது நல்லது. எண்ணெயின் எண்களை அந்தக் கிணற்றின் மாதிரியிலிருந்து ஆய்வகத்தில் எடுத்த பிவிடி (அழுத்தம், கொள்ளளவு, வெப்பநிலை) அறிக்கையிலிருந்துதான் எடுக்க வேண்டும். பக்கத்துக் கிணற்று அறிக்கை ஆகாது.

சோதனை எத்தனை நாள் வேண்டும்

வண்டி, ஆள், கேஜ் எல்லாம் ஏற்பாடு பண்ணுவதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் போட்டே ஆக வேண்டும். நுண்துளைமை, பிசுக்குமை, அமுக்கத்தன்மை, சதுர அடியில் பரப்பு நான்கையும் பெருக்கி, ஊடுருவுதிறனால் வகுத்து, 379ஆல் பெருக்குங்கள். வட்டமோ சதுரமோ, நடுவில் கிணறு என்றால், போலி நிலைநிலை தொடங்கும் மணி அதுதான். நம் கிணற்றுக்கு 64 மணி. பரப்புத் தெரியாமல்தானே சோதனை செய்கிறோம் என்று கேட்கலாம். எதிர்பார்க்கும் பெரிய பரப்பைப் போட்டுப் பாருங்கள், அதற்கு எவ்வளவு நாள் என்று தெரியும்.

வடிவம் மாறினால் நேரம் நீளும். நடுவில் கிணறு உள்ள இரண்டுக்கு ஒன்று செவ்வகம் என்றால் மூன்று மடங்கு, 193 மணி. நான்குக்கு ஒன்று என்றால் எட்டு மடங்கு, 514 மணி, அதாவது 21 நாள். ஊடுருவுதிறன் 40க்குப் பதில் 4 மில்லிடார்சி என்றால் சதுரத்துக்கே 27 நாள். 0.4 என்றால் 267 நாள். அப்படிப்பட்ட கிணற்றில் இந்தச் சோதனையைத் திட்டமிடவே கூடாது. கோடு தொடங்கும் நேரத்தோடு சோதனையை முடித்துவிடாமல், அதற்கு மேல் குறைந்தது அதே அளவு ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் கோடு என்று சொல்லப் புள்ளிகள் போதாது.

நிர்வாகம் அவசரப்படுத்தி 24 மணியில் நிறுத்தினால் என்ன ஆகும்? கடைசிச் சில மணி நேரப் புள்ளிகள் கண்ணுக்கு நேர்கோடாகவே தெரியும். சரிவு மணிக்கு 0.79 பிஎஸ்ஐ வரும். கணக்குப் போட்டால் 38 ஏக்கர். இது ரிசர்வாயரின் பரப்பு இல்லை. 722 அடி ஆரத்து வட்டம், அழுத்த அலை அதுவரை தொட்ட பரப்பு. 12 மணியில் நிறுத்தியிருந்தால் 19 ஏக்கர் வந்திருக்கும். இதையே சோதிக்கும் கருவியாக வைத்துக்கொள்ளலாம்: பதிவை நேரத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் சரிவுக்கும் ஏக்கர் கணக்கைப் போடுங்கள். நேரத்தோடு ஏக்கர் வளர்ந்துகொண்டே போனால் எல்லையைத் தொடவில்லை. ஓர் எண்ணில் போய் நின்றால் தொட்டாயிற்று. எந்த மென்பொருளும் இல்லாமல் செய்யக்கூடிய இந்தச் சரிபார்ப்பைத்தான் நான் முதலில் செய்யச் சொல்வேன்.

கேஜை முடிந்தவரை, எண்ணெய் உள்ளே வரக் குழாயில் துளையிட்ட இடத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட வேண்டும். மேலே தூக்கி வைத்தால் நடுவில் உள்ள திரவத்தின் எடை மாறும்போதெல்லாம் அழுத்தம் மாறுவதாகக் காட்டும். எப்போதும் இரண்டு கேஜ். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நேரத்தோடு மாறினால் ஒன்று நகர்கிறது என்று பொருள், அல்லது இரண்டுக்கும் நடுவே தண்ணீரோ வாயுவோ வந்து நிற்கிறது. குவார்ட்ஸ் கேஜ் 0.01 பிஎஸ்ஐ வரை பிரித்துச் சொல்லும், அதனால் கேஜின் கூர்மை இங்கே பிரச்சினை இல்லை.

பிரச்சினை ஓட்ட அளவில். ஒரு நாள் ஓடிய பிறகு 300 பீப்பாய் 285 ஆகிவிட்டது என்று வைப்போம், வெறும் 5 சதவீதம். அடுத்த 24 மணி நேரத்துக்குள் அந்தக் குறைவு மட்டுமே அழுத்தத்தைச் சுமார் 12 பிஎஸ்ஐ ஏற்றிவிடும். நாம் தேடுகிற இறக்கமோ நாளைக்கு 9 பிஎஸ்ஐதான். எல்லை இருப்பதே தெரியாமல் போகும். அழுத்தம் நிலையாக நிற்கிறது, பெரிய நீர்த்தாங்கி (எண்ணெயை ஒட்டி நிற்கும் நீர் நிறைந்த பாறை) உதவுகிறது என்று யாராவது எழுதிவிடுவார்கள். சோக்குக்கு முந்தைய அழுத்தம் பிந்தையதைப்போல இரண்டு மடங்காவது இருக்கும்படி வைத்தால், குழாயில் வரும் ஏற்ற இறக்கம் கிணற்றைத் தொடாது. மெழுகு படிந்தால் சோக் அடைபடும், மணல் வந்தால் அரித்துப் பெரிதாகும். இரண்டும் மெல்ல நடப்பதால் எல்லைபோலவே தோன்றும். எண்ணெயையும் வாயுவையும் பிரிக்கும் செபரேட்டரின் மீட்டரை மட்டும் நம்பாமல், தொட்டியில் மணிக்கொரு முறை டிப் போட்டு (அளவுகோலை விட்டு மட்டம் பார்த்து), அடியில் நிற்கும் தண்ணீரைக் கழித்து எழுத வேண்டும்.

சோதனைக்கு முன் கிணற்றை அடைத்து வைப்பதும் அவ்வளவு முக்கியம். முன்பு எடுத்ததன் விளைவாக அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போதே திறந்தால், அந்த ஏற்றம் நம் இறக்கத்தைத் தின்றுவிடும். பரப்புப் பெரிதாகத் தெரியும்.

ஓட்டமும் அடைப்பும் காட்டும் இரண்டு முகங்கள்

1983இல் பூர்டேயும் கூட்டாளிகளும் அழுத்தத்தின் டெரிவேட்டிவை, அதாவது லாக் நேரத்தோடு அழுத்தம் மாறும் வேகத்தை, லாக்-லாக் தாளில் போடும் முறையைக் கொண்டுவந்த பிறகு வாசிப்பது எளிதாகிவிட்டது. ஓட்டத்தின்போது மூடிய எல்லை வந்தால் டெரிவேட்டிவ் கடைசியில் 45 பாகைக் கோடாக ஏறும். இதே 45 பாகைக் கோடு சோதனையின் முதல் நிமிடங்களிலும் வரும். அது குழாய்க்குள் நிற்கும் திரவத்தின் வேலை, வெல்போர் ஸ்டோரேஜ். முதலில் வருவதில் அழுத்தக் கோடும் டெரிவேட்டிவும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். கடைசியில் வருவதில் டெரிவேட்டிவ் கீழேயிருந்து மேலே ஏறி அழுத்தக் கோட்டை நெருங்கும்.

கிணற்றை அடைத்து அழுத்தம் ஏறுவதைப் பார்க்கும் பில்ட்-அப்பில் கதை தலைகீழ். மூடிய எல்லை இருந்தால் டெரிவேட்டிவ் சரிந்து விழும். அழுத்தம் சராசரிக்கு வந்து நின்றுவிடுகிறதல்லவா. ஆனால் நீர்த்தாங்கியோ, எண்ணெய்க்கு மேலே நிற்கும் வாயுத் தொப்பியோ அழுத்தம் கொடுத்தாலும் டெரிவேட்டிவ் விழத்தான் செய்யும். பில்ட்-அப் மட்டும் கையில் வைத்துக்கொண்டு மூடிய எல்லை என்று எழுதுவது பெரிய துணிச்சல். அதற்கு முந்தைய ஓட்டத்தைப் பாருங்கள்: டெரிவேட்டிவ் ஏறினால் மூடியது, அங்கேயும் விழுந்தால் வெளியிலிருந்து உதவி வருகிறது.

டெரிவேட்டிவை மென்மையாக்கும் சாளரத்தைப் பெரிதாக வைத்தால், பதிவின் கடைசிப் புள்ளிகள் தானாக மேலேயோ கீழேயோ வளையும். அதில் எல்லையைக் கண்டவர்கள் உண்டு. சாளரத்தைச் சிறிதாக்கிப் பாருங்கள். வளைவு மறைந்தால் அது பாறை சொன்னதில்லை. இன்னொன்று, மூன்று நாள் ஓட்டிவிட்டு முப்பது நாள் அடைத்து வைத்தாலும், மூன்று நாள் ஓட்டம் கலக்கிவிட்ட இடத்தைத் தாண்டிப் பெரிதாக எதையும் பார்க்க முடியாது. அடைக்கும் நேரத்தைக் கூட்டுவதைவிட ஓட்டும் நேரத்தைக் கூட்டுவது லாபம்.

80 ஏக்கர் என்று வந்த பிறகு வடிவத்தையும் கொஞ்சம் ஊகிக்கலாம். 1954இல் மேத்யூஸ், புரான்ஸ், ஹேஸ்புரூக் மூவரும் வடிவம் வடிவமாக வளைகோடு போட்டார்கள். 1965இல் டீட்ஸ் அதை ஒற்றை எண்ணாகச் சுருக்கினார். வட்டத்துக்கு 31.62, சதுரத்துக்கு 30.88, இரண்டுக்கு ஒன்று செவ்வகத்துக்கு 21.84, நான்குக்கு ஒன்றுக்கு 5.38, எல்லாம் கிணறு நடுவில் இருந்தால். நம் சோதனையில் லாக் கோட்டின் 43.9ஐ மணிக்கான 0.373ஆல் வகுத்து 5.456ஆல் பெருக்கினால் 642. லாக் கோட்டில் ஒரு மணிக்கான அழுத்தத்துக்கும், நேர்கோட்டைப் பின்னோக்கி நீட்டிப் பூஜ்ய மணியில் வெட்டும் அழுத்தத்துக்கும் வித்தியாசம் 58 பிஎஸ்ஐ என்றால், அதை 43.9ஆல் வகுக்க 1.32. பத்தின் 1.32ஆம் அடுக்கால் 642ஐ வகுத்தால் 30.6 வருகிறது. சதுரத்துக்கோ வட்டத்துக்கோ பக்கம். ஆனால் இந்த எண் ரொம்பக் கூச்ச சுபாவம்: 58க்குப் பதில் 65 என்று வாசித்தால் 21 ஆகி, செவ்வகமாகிவிடும். வடிவத்தைப் பிளவு வரைபடத்தோடு ஒத்துப்பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள்.

ஏக்கர் எண்ணைச் சரிபார்க்க இன்னும் உறுதியான வழி பழைய பற்று வரவுதான். 20 நாள் ஓட்டியிருந்தால் 7,200 ரிசர்வாயர் பீப்பாய் எடுத்திருப்போம். 40.2ஆல் வகுத்தால் சராசரி அழுத்தம் 179 பிஎஸ்ஐ இறங்கியிருக்க வேண்டும். பிறகு அடைத்து, பில்ட்-அப்பில் சராசரி அழுத்தம் பார்த்து, ஆரம்ப அழுத்தத்திலிருந்து எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பாருங்கள். 100தான் குறைந்திருக்கிறது என்றால் எங்கிருந்தோ வரவு இருக்கிறது.

பக்கத்தில் வேறு கிணறுகள் ஓடினால் எல்லை என்பது பாறைச் சுவராகவே இருக்க வேண்டியதில்லை. போலி நிலைநிலையில் ஒவ்வொரு கிணறும் தான் எடுக்கும் அளவுக்கு விகிதமான கொள்ளளவைத் தனக்கென்று பிரித்துக்கொள்ளும். பக்கத்துக் கிணறு இரண்டு மடங்கு எடுக்க ஆரம்பித்தால் நடுக்கோடு நம் பக்கம் நகரும். இன்று 80 ஏக்கர் என்பது ஆறு மாதம் கழித்து 60 ஆகலாம், பாறை மாறியிருக்காது. அதனால் அறிக்கையில் வடிபரப்போடு, அன்று சுற்றியுள்ள கிணறுகள் எவ்வளவு ஓடின என்பதையும் எழுத வேண்டும். நிரந்தர கேஜ் உள்ள கிணறுகளில் தனிச் சோதனையே வேண்டாம்: அதுவரை எடுத்த மொத்தத்தை அன்றைய ஓட்டத்தால் வகுத்து வரும் நேரத்தை அச்சில் போட்டு, அழுத்த இறக்கத்தை அன்றைய ஓட்டத்தால் வகுத்துப் போட்டால், ஏறி இறங்கும் ஓட்டத்திலும் அதே கோட்டைப் பார்க்கலாம்.

நம் ஊர்க் கிணற்றில் இதே கணக்கு

போரில் இதைச் செய்ய விலையுயர்ந்த எதுவும் தேவையில்லை. 200 லிட்டர் டிரம், ஒரு கடிகாரம், நீர்மட்டம் தொட்டால் ஒலிக்கும் கம்பி நாடா. டிரம் 100 விநாடியில் நிறைந்தால் விநாடிக்கு 2 லிட்டர், மணிக்கு 7.2 கன மீட்டர். முதல் நாள் இரவே மோட்டாரை நிறுத்தி வைக்க வேண்டும். பக்கத்துத் தோட்டத்துப் போரும் ஓடக் கூடாது. கேட்டுக்கொண்டால் ஒரு நாள் நிறுத்தித் தர மாட்டேன் என்று யாரும் சொல்வதில்லை. எடுக்கிற தண்ணீரைக் குழாய் போட்டுத் தூரத்தில் விட வேண்டும். அதே வயலில் விட்டால் அது திரும்பக் கிணற்றுக்கே வந்துசேரும். முதல் பத்து நிமிடம் நிமிடத்துக்கு ஒரு முறை, பிறகு ஐந்து நிமிடத்துக்கு, ஒரு மணிக்குப் பிறகு அரை மணிக்கு ஒரு முறை மட்டத்தை எழுதுங்கள். டிரம் கணக்கையும் மணிக்கொரு முறை பார்க்க வேண்டும். மட்டம் இறங்க இறங்க மோட்டார் எடுப்பதும் குறையும்.

கடினப் பாறையில் போர் பலநேரம் வெடிப்புகள் சேர்ந்த ஒரு துண்டிலிருந்துதான் குடிக்கும். அப்படி இருந்தால் சில மணி நேரம் கழித்து மட்டம் ஒரே வேகத்தில் இறங்கும். மணிக்கு 5 சென்டிமீட்டர் என்று வைப்போம். 7.2ஐ 0.05ஆல் வகுத்தால் 144: ஒரு மீட்டர் மட்டம் இறங்க 144 கன மீட்டர் தண்ணீர், அதாவது 1,44,000 லிட்டர். விவசாயிக்கு வேண்டியது இந்த எண்தான். இதற்குப் பாறையின் தன்மை எதுவும் தெரிய வேண்டாம். ஏக்கர் வேண்டுமென்றால், பாறை விடும் தண்ணீர் கொள்ளளவில் 1.5 சதவீதம் என்று வைத்து வகுத்தால் 9,600 சதுர மீட்டர், 2.4 ஏக்கர். 0.5 சதவீதம் என்று வைத்தால் 7.1 ஏக்கர். எண்ணெயில் அமுக்கத்தன்மை செய்கிற வேலையை இங்கே இந்தச் சதவீதம் செய்கிறது. அதனால் ஏக்கரைச் சொல்லி அடுத்த போருக்கு இடம் குறிக்கிறவரிடம் எந்தச் சதவீதம் வைத்தீர்கள் என்று கேளுங்கள்.

திறந்த கிணற்றில் ஒரு பொறி இருக்கிறது. 6 மீட்டர் விட்டமுள்ள கிணற்றின் வாய் 28.3 சதுர மீட்டர். மணிக்கு 7.2 கன மீட்டர் எடுத்தால், ஊற்றே இல்லாவிட்டாலும் மட்டம் மணிக்கு 25 சென்டிமீட்டர் ஒரே சீராக இறங்கும். அழகான நேர்கோடு, ஆனால் பாறையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாத கோடு. மீட்டருக்கு இத்தனை கன மீட்டர் என்ற கணக்கில் 28க்குப் பக்கத்தில் வந்தால், நீங்கள் அளந்தது கிணற்றின் வாயைத்தான். பெரிய கிணறுகளில் எடுக்கும்போது பார்ப்பதைவிட, நிறுத்திய பிறகு ஊறுவதைப் பார்ப்பது மேல்.

தாமிரபரணிக் கரையில், பாளையங்கால்வாய்க்கோ கோடகன் கால்வாய்க்கோ பக்கத்தில் உள்ள கிணறுகள் வேறு மாதிரி. கால்வாயில் தண்ணீர் ஓடும்போது கொஞ்ச நேரத்தில் மட்டம் இறங்குவதே நின்றுவிடும். எண்ணெய் வயலின் நீர்த்தாங்கி செய்வதையே கால்வாய் செய்கிறது. அதை வைத்துக் கிணறு வற்றாது என்று முடிவு கட்டினால், பிசான நெல் பருவம் முடிந்து கால்வாய் அடைத்த பிறகு ஏமாற்றம்தான். சோதனையைச் சித்திரை, வைகாசியில் கால்வாய் காய்ந்து கிடக்கும்போது ஒரு முறை, கார் பருவ நடவு நேரத்தில் ஒரு முறை என்று இரண்டாகச் செய்தால், தன் சொந்த இருப்பு எவ்வளவு, கால்வாய் தருவது எவ்வளவு என்று பிரிந்துவிடும்.

போரில் 8 மணி நேரம் எடுத்து நிறுத்தினால் 57.6 கன மீட்டர் போயிருக்கும். 144ஆல் வகுத்தால் 40 சென்டிமீட்டர். மறுநாள் காலை மட்டம் ஊறி ஓய்ந்த பிறகும் பழைய இடத்துக்கு 40 சென்டிமீட்டர் கீழேயே நின்றால், போர் மூடிய துண்டில்தான் இருக்கிறது, 144 என்ற எண் சரி. முழுதாக ஏறிவிட்டால் வெளியிலிருந்து தண்ணீர் வந்திருக்கிறது. அப்போது 144ஐ இருப்பு என்று எழுதக் கூடாது. 40ஐவிட அதிகமாகக் கீழே நின்றால், பக்கத்துப் போர் யாராவது இரவில் ஓட்டினார்களா என்று முதலில் விசாரியுங்கள்.